ரெண்டடி கருங்கல் சுவர், ரிப்போர்ட்ல "தாங்கும்"னு ஒரே வரி: நம்பலாமா? (கோத்தகிரி ஸ்கூல் கட்டடம்)

பனிமூட்டம்77:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்க பசங்க படிக்கிற ஸ்கூல்ல பழைய பிளாக் ஒண்ணு இருக்கு, கருங்கல் சுவர், ரெண்டடி தடிமன், முன்னாடி மங்களூர் ஓடு போட்டிருந்தாங்க இப்ப தகர ஷீட். அதை ஒட்டியே பிற்காலத்துல கட்டின கான்கிரீட் பிளாக், அது சரிவுல பில்லர் மேல நிக்குது. பெற்றோர் ஆசிரியர் கழகத்துல கேட்டு கேட்டு ஒரு கன்சல்டன்ட்டை வரவெச்சு ரிப்போர்ட் வாங்கியாச்சு. பக்கம் பக்கமா ரீபவுண்ட் ஹேமர் ரீடிங், போட்டோ, கடைசில "கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்கும் நிலையில் உள்ளது"ன்னு ஒரு வரி, சீல். என் டவுட்டு என்னன்னா கல்சுவர்லயும் பூச்சுக்கு மேலேயே அதே ஹேமரை அடிச்சு நம்பர் எழுதியிருக்காங்க. அதெல்லாம் கணக்குல சேருமா? நான் சிவில் இல்ல, அக்கவுன்ட்ஸ்.

ஊட்டி_கேரட்:
ப்ரோ நம்ம மலையில எங்க பூகம்பம் வந்துச்சு. நமக்கு எமன் மண்சரிவுதான். 2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கா, குன்னூர் ஊட்டி கேத்தி எல்லாம் சேர்த்து 40 பேருக்கு மேல போனாங்க. அதுக்கு தடுப்புச்சுவர் இருக்கா வடிகால் இருக்கான்னு பாருங்க. ரெண்டடி கல்சுவரை பிரிட்டிஷ்காரன் கட்டிட்டுப் போனான், யானை முட்டினாலும் அசையாது.

கம்பி_கணக்கு:
பனிமூட்டம் சார், நான் குன்னூர்ல ஸ்ட்ரக்சுரல் வேலை பாக்கறேன், ரிப்போர்ட்டைப் பாக்காம அந்த ஆளைக் குறை சொல்லல. ஆனா நீங்க சொன்னதை வெச்சே சில விஷயம் சொல்லலாம்.

அந்த ஹேமர் ஒரு ஸ்பிரிங் சுத்தி. கான்கிரீட் மேல அமுக்கினா உள்ள இருக்கற எடை மோதி எவ்வளவு எம்புதுன்னு காட்டும், அதாவது மேல்தோல் எவ்வளவு கெட்டின்னு மட்டும். பூச்சை உரிச்சு, பரப்பைத் தேய்ச்சு, ஒழுங்கா அடிச்சாலே பலம் 25 சதவீதம் முன்னபின்ன இருக்கும்னு நம்ம ஐஎஸ் கோடு, அதாவது இந்தியத் தர விதி, சொல்லுது. பழைய கான்கிரீட்ல இன்னொரு வில்லங்கமும் இருக்கு, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள போகப் போக மேற்பரப்பு இறுகிடும், ரீடிங் ஜோரா வரும், ஆனா அதே கார்பனேஷன்தான் உள்ள கம்பி துருப்பிடிக்க வழி விடுது. அதனால பழைய பில்லர்ல ரீடிங் ரொம்ப நல்லா வந்தா எனக்கு சந்தேகம்தான் வரும். ஓரமா கொஞ்சம் கொத்திட்டு ஃபீனால்ப்தலீன் தெளிச்சுப் பாருங்க, பிங்க் ஆனா கான்கிரீட் இன்னும் கம்பியைக் காப்பாத்துது, நிறமே மாறலைன்னா கார்பனேஷன் அதுவரைக்கும் வந்தாச்சு.

கல்சுவர்ல பூச்சு மேல அடிச்ச நம்பருக்கு அர்த்தமே கிடையாது. பூச்சு கெட்டின்னு தெரியும், அவ்ளோதான்.

அதைவிட முக்கியம், நிலநடுக்கத்துல பொருள் எவ்வளவு கெட்டிங்கறது ரெண்டாவது கேள்வி. நாலு சுவரும் கூரையும் ஒண்ணா சேர்ந்து பெட்டியா ஆடுதா இல்ல ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுதாங்கறதுதான் முதல் கேள்வி. அதை எந்த சுத்தியும் சொல்லாது.

ஊட்டி_கேரட், 2016 ஐஎஸ் 1893 கோட்டோட நிலநடுக்க மேப்புல நீலகிரி மண்டலம் 3, எண் கூடக் கூட ஆபத்து கூடும். 1900 பிப்ரவரி 8 கோயம்புத்தூர்ல சுமார் 6 அளவுல வந்தது, தென்னிந்தியாவுல பரவலா உணர்ந்திருக்காங்க, கோயம்புத்தூர் நமக்கு மேட்டுப்பாளையம் இறங்கினா வந்துடுது. 2000 டிசம்பர்ல இடுக்கி பக்கம் 5. நம்ம மலையே மோயார், பவானின்னு ரெண்டு பழைய பிளவு மண்டலத்துக்கு நடுவுல எழும்பி நிக்கற பாறைத் திட்டு. நாளைக்கே வரும்னு பயமுறுத்தல. வராதுன்னு சொல்லவும் எந்த ஆதாரமும் இல்ல.

ஊட்டி_கேரட்:
சரி மேடம், ஆனா 6ங்கறதெல்லாம் சின்னதுதானே. ஜப்பான்ல அந்த அளவுக்கு டீ குடிச்சிட்டே உக்காந்திருப்பாங்க.

கட்ச்_ரிட்டர்ன்:
டீ குடிக்கறாங்கன்னா அந்த வீடு அப்படிக் கட்டியிருக்கு தலைவரே. மகாராஷ்டிரா லாத்தூர் பூகம்பம் 1993 செப்டம்பர் 30, அளவு 6.2தான், விடியக்காலை நேரம், எட்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. அதிகபட்சம் எதுலன்னு நினைக்கறீங்க, தடித் தடிக் கல்சுவர் வீட்டுல, மண் சாந்து, மேல கனமா மண் போட்ட கூரை. அப்ப இருந்த மேப்புல லாத்தூர் மண்டலம் 1, அதாவது இருக்கறதுலயே பாதுகாப்பான இடம்! அப்புறம் 2002ல மண்டலம் 1ங்கறதையே தூக்கிட்டு 2லேர்ந்து ஆரம்பிச்சாங்க, சென்னையே அப்பதான் 2லேர்ந்து 3க்கு வந்துச்சு. நான் 2001 பூகம்பத்துக்கு அப்புறம் குஜராத் கட்ச்ல வீடு திரும்பக் கட்டற வேலையில இருந்தவன், அங்கயும் எல்லாரும் முதல்ல சொன்னது "எங்க தாத்தா கட்டின சுவர் ரெண்டடி".

மேஸ்திரி_மகன்:
அப்பா கோத்தகிரி பக்கம் எஸ்டேட் பங்களா பலதுல வேலை செஞ்சவரு நானும் அதே வேலைதான் வாய்ஸ் டைப்பிங்ல போடறேன் தப்பு இருந்தா விடுங்க. ரெண்டடி சுவர்னா ரெண்டடிக்கு ஒரே கல்லுன்னு நினைச்சுக்காதீங்க வெளிய ஒரு வரிசை உள்ள ஒரு வரிசை நடுவுல சல்லி உடைஞ்ச கல்லு மண்ணு எது கிடைச்சுதோ அதைப் போட்டு நிரப்பியிருப்பாங்க பங்களாவா இருந்தா சுண்ணாம்பு சாந்து ஓரளவு நல்லா இருக்கும் லைன் வீடு குடோன் ஸ்கூல்னா பல இடத்துல வெறும் செம்மண்ணுதான் வெளிய மட்டும் சிமெண்ட் பாயிண்டிங் பண்ணி அழகா காட்டியிருப்பாங்க. படியில அரிசி அளக்கறப்ப தட்டத் தட்ட கீழ இறங்குமில்ல அதே மாதிரி சுவர் ஆடுறப்ப நடுவுல இருக்கற சல்லி இறங்கி இறங்கி ரெண்டு பக்க வரிசையையும் வெளிய தள்ளும் சுவர் வயிறு தள்ளிக்கும் அப்புறம் ஒரு பக்கம் உரிஞ்சு விழும். நல்ல மேஸ்திரியா இருந்தா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே நீளக் கல்லா இடையிடையே போட்டிருப்பாரு அது இருக்கா இல்லையாங்கறதுதான் எல்லாமே.

கம்பி_கணக்கு:
அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சேர்க்கறதுக்கு கொஞ்சம்தான் இருக்கு. அந்த நீளக் கல்லு உயரத்துல 600 மில்லிமீட்டருக்கு ஒண்ணு, பக்கவாட்டுல அதிகபட்சம் 1.2 மீட்டருக்கு ஒண்ணு வரணும்னு கோடு கேக்குது. இன்னொண்ணு கேட்டா ஊட்டி_கேரட் அதிர்ச்சி ஆயிடுவார், ஐஎஸ் 13828 கல்சுவர் 450 மில்லிமீட்டருக்கு மேல தடிமனா போகக் கூடாதுங்குது. ஒன்றரை அடி! தடிமன் கூடக் கூட எடை கூடுது, ஆட்டத்துல எடைதான் எதிரி, நடுவுல சல்லிக்கும் இடம் கிடைக்குது. குறுக்குச் சுவர் இல்லாம நீளமா ஓடற சுவர் 5 மீட்டருக்கு மேல போகக் கூடாது, போனா 4 மீட்டருக்கு ஒரு முட்டுச்சுவர் வேணும். ஸ்கூல் கிளாஸ் ரூம் நீளம் எவ்வளவுன்னு டேப் வெச்சுப் பாருங்க சார், பாதி விடை அங்கயே கிடைச்சிடும்.

கணக்கா சொல்லணும்னா, அதே 2016 கோடுபடி மண்டலம் 3க்கு காரணி 0.16, அதுல பாதியைத்தான் கணக்குல எடுக்கணும். ஸ்கூலுக்கு முக்கியத்துவக் காரணி 1.5. கம்பியே இல்லாத வெறும் கல்கட்டுக்கு வளைஞ்சு கொடுக்கற தன்மை ரொம்பக் கம்மி, அதுக்குண்டான எண் 1.5. குட்டைக் கட்டடம்ங்கறதால அலை பெருக்கம் உச்சத்துல, 2.5. எல்லாம் போட்டுப் பெருக்கி வகுத்தா 0.20 வருது. கட்டடத்தோட எடையில அஞ்சுல ஒரு பங்கை பக்கவாட்டுல தள்ளினா நிக்குமான்னு பாக்கணும். ஏற்கெனவே இருக்கற கட்டடம்னா மீதி ஆயுளைப் பாத்து கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு சலுகை உண்டு. ஓட்டை எடுத்துட்டு ஷீட் போட்டது அவங்க அறியாமலே செஞ்ச நல்ல காரியம், மேல எடை குறைஞ்சுது. ஆனா ஷீட்டோட மரச்சட்டம் சுவரோட கட்டியிருக்கா, சும்மா மேல உக்காந்திருக்கான்னு ஏணி போட்டுப் பாக்கணும். சும்மா உக்காந்திருந்தா சுவரோட தலையைப் பிடிச்சுக்க ஆளே இல்ல.

பனிமூட்டம்77:
மேடம் டேப் வெச்சுப் பாத்தேன், வராண்டா பக்கச் சுவர் ஒரு கிளாஸுக்கு 7 மீட்டர் தாண்டுது, அதுலயும் ரெண்டு கதவு நாலு ஜன்னல். லிண்டல் மரம். சுவரை எல்லாம் சுத்திக் கட்டற கான்கிரீட் பெல்ட் எதுவும் கண்ணுல படல. ஓரத்துல ஓட்டுக் கூரைக்காக எழுப்பின முக்கோணச் சுவர் அப்படியே நிக்குது.

கம்பி_கணக்கு:
அந்த முக்கோணம்தான் முதல்ல விழும். எல்லா ஊர்லயும் அதான் முதல்ல. அதுக்குக் கீழ பசங்க ஓடி வர்ற வழி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

ஹட்டிக்காரன்:
நடுவுல ஒரு டவுட்டு. எங்க ஹட்டில, அதான் படுகர் ஊர்ல, பழைய வீடெல்லாம் ஒரே வரிசை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அப்ப நாங்க சேஃபா?

கட்ச்_ரிட்டர்ன்:
நடு வீடு தப்பிக்க வாய்ப்பு அதிகம், அடிக்கடி குறுக்குச் சுவர் வர்றதால பெட்டி பெட்டியா இருக்கு. கடைசி வீடுதான் பாவம், அந்தப் பக்கம் பிடிச்சுக்க எதுவும் இல்ல, அந்தச் சுவர் வெளிய சாயும். அதோட வரிசைக்கு நடுவுல யாராவது ஒருத்தர் பழசை இடிச்சுட்டு கான்கிரீட்ல ரெண்டு மாடி எழுப்பியிருந்தா அது ஒரு தாளத்துல ஆடும் மத்ததெல்லாம் வேற தாளத்துல ஆடும், ஒண்ணோட ஒண்ணு மோதும். இப்ப எல்லா ஹட்டிலயும் அப்படி ஒண்ணு இருக்குமே.

ஹட்டிக்காரன்:
இருக்கு. எங்க மாமா வீடுதான் 😬

குன்னூர்_ஹோம்ஸ்டே:
பழைய பிளாக் பத்தியே பேசறீங்க, பில்லர்ல நிக்கற பிளாக்கை விட்டுட்டீங்களே. என்னோடதும் அந்த மாதிரிதான், ரோட்டு லெவல்ல பார்க்கிங், கீழ இறங்கி இறங்கி ரூமு. 7 மீட்டர் உயரக் கட்டுப்பாட்டுக்கு பயந்து மேல போகாம எல்லாரும் பள்ளத்துல இறங்கிட்டோம் 😂 பில்லரெல்லாம் தடிமனாத்தான் போட்டிருக்கு, இன்ஜினியர் தாங்கும்னார்.

கம்பி_கணக்கு:
இதைக் கொஞ்சம் நீளமா எழுதறேன், மலையில கான்கிரீட் கட்டடத்துக்கு என்னைக் கேட்டா இதுதான் தலையாய விஷயம்.

சரிவுல கட்டறப்ப மேட்டுப் பக்கம் பில்லர் குட்டையா இருக்கும், பள்ளத்துப் பக்கம் நெட்டையா இருக்கும். சாதாரண நாள்ல எல்லாம் அதது பங்குக்கு எடை தாங்கிட்டு சும்மா நிக்கும். பக்கவாட்டுல ஆடுறப்ப கதை வேற, மேல ஸ்லாப் எல்லா பில்லரோட தலையையும் ஒரே தூரம் இழுக்குது. நெட்டை பில்லர் வளைஞ்சு கொடுத்துடும். குட்டை வளையாது. விறைப்பு உயரத்தோட மும்மடிக்கு எதிரா போகுது, அதனால 3 மீட்டர் பில்லரும் 1.5 மீட்டர் பில்லரும் ஒரே தடிமன்ல இருந்தா குட்டை எட்டு மடங்கு விசையை இழுத்துக்கும். எல்லாரும் பள்ளத்துல நெட்டையா நிக்கற பில்லரைப் பாத்துத்தான் பயப்படுவாங்க, உடையறது என்னவோ மேட்டுப் பக்கம் யார் கண்ணுலயும் படாம நிக்கற குட்டைதான், குறுக்கா பெருக்கல் குறி மாதிரி விரிசல் விட்டு. 2011 சிக்கிம்ல வந்தப்ப சரிவுக் கட்டடங்கள் அடிபட்டதை நம்ம மலைக்காரங்க ஒருதடவையாவது தேடிப் பாக்கணும்.

அதனால ஹோம்ஸ்டே சார், "தடிமனாத்தான் போட்டிருக்கு"ங்கறது பதில் இல்ல. அந்தக் குட்டை பில்லர்ல நெடுக்குக் கம்பியைச் சுத்திக் கட்டற ரிங் எவ்வளவு நெருக்கமா இருக்கு, ரிங்கோட கொக்கி 135 டிகிரி உள்ள மடங்கியிருக்கா இல்ல சும்மா 90ல நிக்குதாங்கறதுதான் கேள்வி. 90ல இருந்தா கம்பியை மூடியிருக்கற வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துடும், உள்ள கம்பி பிதுங்கி வெளிய வந்துடும். கவர் மீட்டர்னு ஒரு கருவி இருக்கு, கம்பி இடைவெளியை உடைக்காமலே காட்டும். கொக்கி மட்டும் அதுல தெரியாது, ஒரு இடத்துல கொத்தித்தான் ஆகணும்.

கட்ச்_ரிட்டர்ன்:
பார்க்கிங் தளம்னு சொன்னதும் எனக்கு அகமதாபாத்தான் ஞாபகம் வருது. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம், அதுல அடிவாங்கின பூஜ்லேர்ந்து அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, அங்கபோய் அப்பார்ட்மென்ட் விழுந்துச்சு. மேல எல்லா மாடிலயும் செங்கல் சுவர் அடைச்சு விறைப்பா இருக்கு, கீழ காருக்காக சுவரே இல்லாம வெறும் பில்லர். ஆட்டம் முழுக்க அந்த ஒரு தளத்துலயே நடக்கும். தூரத்துல வந்தா நமக்கு என்னன்னு இருக்க முடியாது.

ஊட்டி_கேரட்:
சரி நான் ஒத்துக்கறேன் கட்டடம் முக்கியம்தான், ஆனா மண்ணு? கட்டடம் நின்னு மண்ணு போனா?

கம்பி_கணக்கு:
அந்தக் கேள்வி ரொம்பச் சரி, நீங்க முதல்ல சொன்னதையும் நான் தள்ளல. இங்க மதிப்பீடுன்னா சரிவையும் சேர்த்துத்தான். நம்ம ஊர்ல மனைன்னா என்ன, மேட்டை வெட்டி அந்த மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி சமன் பண்றது. பாதிக் கட்டடம் வெட்டின கெட்டி மண்ணுல, பாதி கொட்டின மண்ணுல. மழையில அது கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், சுவர்ல சாய்வா விரிசல் வரும், நாம பட்டி பாத்துட்டு பெயின்ட் அடிச்சுடுவோம். ஆட்டம் வந்தா அதே மண்ணு ஒரேடியா இறங்கும். தடுப்புச்சுவர்ல தண்ணி போற ஓட்டை அடைபட்டிருக்கான்னு பாருங்க, மழை முடிஞ்சு பல நாள் ஆகியும் சுவர் ஈரமா உப்பியிருந்தா பின்னாடி தண்ணி தேங்கி நிக்குது. நிறைய பேர் காசு மிச்சம்னு வீட்டு பில்லரையே தடுப்புச்சுவரோட சேர்த்து வார்த்துடறாங்க, அப்ப மலை தள்ளுறதும் வீட்டு மேல, ஆட்டமும் வீட்டு மேல.

அந்த 2009 சரிவுல ஆட்டமே இல்ல, மழை மட்டும்தான். ஊறின மண்ணுல ஆட்டமும் சேர்ந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க.

எமரால்டு_எட்டு:
அப்ப எமரால்டு அவலாஞ்சி டேமெல்லாம்?

கம்பி_கணக்கு:
அணைக்கு மதிப்பீடு முறையே வேற, 1967ல மகாராஷ்டிரா கொய்னா அணைப் பக்கம் பூகம்பம் வந்ததுக்கு அப்புறம் அது தனிச் சாஸ்திரம். புது இழை ஆரம்பிங்க, இதுல வேண்டாம்.

பனிமூட்டம்77:
நிறைய தெரிஞ்சுக்கிட்டேன், நன்றி. இப்ப உருப்படியா ஒண்ணு. அடுத்த மீட்டிங்ல நான் என்ன கேக்கணும்? "ரிப்போர்ட் சரியில்ல"ன்னு சொன்னா தலைமையாசிரியர் கோவிச்சுக்குவார், நீ என்ன இன்ஜினியரான்னு கேப்பார்.

கம்பி_கணக்கு:
ரிப்போர்ட் சரியில்லன்னு சொல்லாதீங்க, இன்னும் முழுசா முடியலன்னு சொல்லுங்க. முதல்ல ரெண்டு பிளாக்கையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க, கல்கட்டுக்கு ஒரு மாதிரி, கான்கிரீட்டுக்கு ஒரு மாதிரி, ஒரே வரியில ரெண்டையும் முடிக்க முடியாது. கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 15988, கல்லுக்கு 13935ம் 13828ம். அந்த நம்பரைச் சொன்னாலே எதிர்ல இருக்கறவர் நிமிர்ந்து உக்காருவார். உள்ளபடி அளந்த வரைபடம் வேணும், பழைய பிளான் இருக்காது, இருந்தாலும் கட்டினது அதுபடி இருக்காது. ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல இடைவெளி இருக்கா, இல்ல ஒட்டிக் கிடக்கான்னு எழுதச் சொல்லுங்க. எடை, மண்டலம், பக்கவாட்டு விசைன்னு கணக்கு ஒரு பக்கமாவது இருக்கணும், கணக்கே இல்லாம தாங்கும்னு எழுதறது ஜோசியம். அப்புறம் குட்டை பில்லர்ல கம்பி ஸ்கேன், ஒண்ணு ரெண்டு இடத்துல கொத்திப் பாக்கறது. கல்சுவரைத் திறந்து பாக்கறது. சரிவும் வடிகாலும்.

முதல்ல நடந்து பாத்து ஃபார்ம் நிரப்பி மார்க் போடற முறையும் உண்டு, அமெரிக்காவுல ஃபீமாங்கற பேரிடர் மேலாண்மை அமைப்பு 1988லயே கொண்டு வந்தாங்க, நம்ம ஊருக்கும் அந்த மாதிரி படிவம் வந்தாச்சு. நூறு கட்டடத்துல எதை முதல்ல பாக்கணும்னு பிரிக்கத்தான் அது. ஒரு கட்டடத்துக்கு அதை மட்டும் வெச்சு சான்று கொடுத்தா வாங்காதீங்க.

குன்னூர்_ஹோம்ஸ்டே:
எவ்வளவு செலவு ஆகும் மேடம், சதுர அடிக்கு?

கம்பி_கணக்கு:
பாக்காம ரேட் சொல்றவங்களை நம்பாதீங்க, என்னையும் சேர்த்துத்தான்.

மேஸ்திரி_மகன்:
கல்சுவருக்கு வழி இருக்குங்க இடிக்கணும்னு இல்ல கோழி வலை அடிச்சு சிமெண்ட் பூசிட்டா போதும்னு பல பேர் பண்றோம்

கம்பி_கணக்கு:
அண்ணா கோழி வலை பூச்சு விரிசலுக்கு ஓகே, இதுக்கு பத்தாது. வெல்ட் மெஷ், அதாவது கம்பியை வெல்ட் பண்ணின வலை வேணும், லிண்டலுக்கு மேல உள்ளயும் வெளியயும் கட்டடம் முழுக்க சுத்தி பெல்ட் மாதிரி, ரெண்டு பக்க வலையையும் சுவரைத் துளைச்சு கம்பியால ஒண்ணோட ஒண்ணு கட்டி, அப்புறம் பூச்சு. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அந்தப் பக்கத் தோலைத்தான் பிடிச்சுக்கும், இன்னொரு வரிசை தனியா விழும். நீளக் கல்லு இல்லாத இடத்துல ஒரு கல்லை மெதுவா உருவி, ஓட்டையை அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டு போய், ரெண்டு முனையும் மடக்கின கம்பி வெச்சு கான்கிரீட் நிரப்பினா அதுவே நீளக் கல்லு வேலை செய்யும். முக்கோணச் சுவரை இறக்கிட்டு ஷீட்டே அடைச்சிடலாம், அதுதான் சுலபம்.

ஊட்டி_கேரட்:
எங்க பெரியப்பா பங்களாவுல கல்லு சிம்னி ரெண்டு நிக்குது. அதுவும் ஆபத்தா?

கம்பி_கணக்கு:
கூரையைத் தாண்டி நிக்கற பாகம் கூரை மட்டத்துல ஒடிஞ்சு ஷீட்டைக் கிழிச்சுட்டு உள்ள விழும். அடுப்பு எரிக்கறதே இல்லன்னா கூரைக்கு மேல இருக்கறதை இறக்கிடுங்க. எரிக்கறீங்கன்னா இரும்புப் பட்டை போட்டு கூரைச் சட்டத்தோட பிடிச்சு வெக்கணும்.

ஊட்டி_கேரட்:
யானை முட்டினாலும் அசையாதுன்னு நான் சொன்னதே அந்த பங்களாவைப் பாத்துத்தான் 🙈

பனிமூட்டம்77:
மேஸ்திரி அண்ணா, சுவரைத் திறந்து பாக்கறதுன்னா எப்படி, எங்க? மே லீவ்ல பண்ணலாம்னு இருக்கோம், ஜூன் மழைக்கு முன்னாடி மூடிடணும்.

மேஸ்திரி_மகன்:
மூலையில கை வைக்காதீங்க கதவு ஓரத்துலயும் வேண்டாம் விட்டம் உக்காந்திருக்கற இடத்துக்குக் கீழயும் வேண்டாம். ஜன்னலுக்குக் கீழ இருக்கற சுவர்ல மேல எடை இல்ல அங்க உள்பக்கம் பூச்சைத் தட்டிட்டு ரெண்டு மூணு கல்லை எடுத்தா போதும் டார்ச் அடிச்சுப் பாருங்க நடுவுல சுண்ணாம்பா மண்ணான்னு தெரிஞ்சுடும் சாந்தை சாவியால சுரண்டுங்க மாவா கொட்டுச்சுன்னா மண்ணு. அப்படியே தூக்குக்குண்டு விட்டு சுவர் முழுக்க ஒரு தடவை பாத்துடுங்க நடுவுல வயிறு தள்ளியிருந்தா அங்க ரெண்டு வரிசையும் ஏற்கெனவே பிரிஞ்சாச்சுன்னு அர்த்தம் அந்த இடத்துல மட்டும் திறக்காதீங்க முட்டுக் கொடுத்துட்டு மேடத்தைக் கூப்பிடுங்க. எடுத்த கல்லுக்கு சாக்பீஸ்ல நம்பர் போட்டு வைங்க திரும்ப அதே இடத்துல உக்காரணும்.